வியாழன் கூர்மையாகத் தெரிய எந்த ஐபீஸ்? 8 அங்குல டாப்சோனியன், தண்டையார்பேட்டை மொட்டை மாடி

தண்டையார்பேட்டை மாடி
2026 ஜனவரி 18

வணக்கம். ஒரு வருஷமாக இந்த வானியல் மன்றத்தில் எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு இருக்கிறேன், நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தீபாவளி போனஸ் வந்ததும் ஒருவரிடமிருந்து பழைய 8 அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) வாங்கினேன். கண்ணாடியின் விட்டம் 203 மிமீ, குவியத்தூரம் 1200 மிமீ. கூடவே 25 மிமீ, 10 மிமீ என்று இரண்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கொடுத்தார். நிலாவைக் காட்டிய அன்று அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் கீழே இறங்க மனசில்லாமல் நின்றார்கள்.

வியாழன்தான் எனக்குச் சரியாக அமையவே இல்லை. 25 மிமீ-இல் சின்னதாக இருந்தாலும் தெளிவாக இருக்கிறது, நான்கு நிலாக்களும் தெரிகின்றன. 10 மிமீ போட்டால் வியாழன் மேல் இரண்டு மேகப் பட்டைகள், அவ்வளவுதான். இன்னும் பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டு ஆன்லைனில் பெயர் தெரியாத ஒரு 4 மிமீ வாங்கினேன். 300 மடங்கு வருகிறது, ஆனால் வியாழன் கிணற்றுக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளிகிறது. ஒரு ஓரத்தில் நீலம், மறு ஓரத்தில் ஆரஞ்சு. பட்டைகள்கூடக் காணாமல் போய்விட்டன. லென்ஸோடு கண்ணை ஒட்டி வைத்தால்தான் ஏதாவது தெரிகிறது, ஒட்டி வைத்தால் இமைமுடி தட்டுகிறது.

கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. 6 மிமீ பிளாசல் (ஒரு ஐபீஸ் வகை), 7-21 ஜூம், 2 மடங்கு பார்லோ (ஐபீஸோடு சேர்த்துப் பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்), இல்லை கொஞ்சம் சேர்த்து நல்ல 5 மிமீ ஒன்று, இதில் எதை வாங்குவது? வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளியை, அந்தப் புயலை, என் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

பெரம்பூர் பட்டறை
ஜனவரி 19

தம்பி, வாருங்கள். பணத்தை அப்படியே பையில் வையுங்கள், இரண்டு வாரம் போகட்டும்.

முதலில் கணக்கு. தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். உங்கள் 25 மிமீ 48 மடங்கு தரும், 10 மிமீ 120 மடங்கு, 4 மிமீ 300 மடங்கு. வியாழன் இப்போது பூமிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஜனவரி 10 அன்றுதான் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. வானத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 46 வில்விநாடி (ஒரு டிகிரியை 3600-ஆல் வகுத்தால் ஒரு வில்விநாடி). நிலா அரை டிகிரி, அதாவது 1800 வில்விநாடி. 46-ஐ 40-ஆல் பெருக்கிப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு நிலா எவ்வளவு பெரிதோ, 40 மடங்கிலேயே வியாழன் அவ்வளவு பெரிதாகிவிட்டது. 200 மடங்கில் ஐந்து நிலா அகலம். அதற்கு மேல் பெரிதாக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? உங்களுக்கு வேண்டியது அளவு இல்லை. பட்டையின் ஓரம் பிசிறில்லாமல் நிற்க வேண்டும், அதுதான்.

8 அங்குலக் கண்ணாடியால் 0.57 வில்விநாடி வரை பிரித்துக் காட்ட முடியும். அதற்கு மேல் பெருக்கினால் புதிதாக எதுவும் வராது, இருப்பதே பரவிக்கொண்டு போகும். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்று ஒரு மேல் எல்லை சொல்வார்கள், உங்களுக்கு 400 வருகிறது. அது காற்று அசையாத ராத்திரிக்கு. பெரும்பாலான ராத்திரிகளில் காற்று 200-ஐயோ 240-ஐயோ தாண்ட விடாது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கோலிமேஷன், அதாவது கண்ணாடிகள் நேராக ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றனவா என்று, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தொலைநோக்கியை மாடிக்கு எடுத்துப் போய் எத்தனை நேரம் கழித்துக் கண்ணை வைத்தீர்கள்? மாடியில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை மாடி
ஜனவரி 19

ஐயா, கோலிமேஷன் பார்த்ததே இல்லை. விற்றவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். தொலைநோக்கி என் அறையில்தான் இருக்கும், ஏசி போட்ட அறை. எடுத்துப் போய் வைத்ததும் பார்த்துவிடுவேன், இடையில் நேரம் விடுவதில்லை. ஒன்பது மணிக்கு வியாழன் கிழக்கே இருப்பதால் கிழக்கு ஓரத்தில் வைக்கிறேன். அந்தக் கைப்பிடிச்சுவருக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு ஏசியின் வெளி யூனிட் மூன்று வரிசையாக இருக்கின்றன.

போகியிலிருந்து காணும் பொங்கல் வரைதான் லீவு என்பதால் அந்த நான்கு நாளும் பார்த்தேன். போகி ராத்திரி ஒரே புகை.

பெரம்பூர் பட்டறை
ஜனவரி 19

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

புகை மேல் பழி போட வேண்டாம். புகை வெளிச்சத்தைக் குறைக்கும், ஆனால் காற்று அசையாமல் நின்றால் புகைக்குள்ளும் வியாழன் கூர்மையாகத்தான் இருக்கும். தெருவிளக்கும் அப்படித்தான். துறைமுகத்து வெளிச்சம் வானத்தை ஆரஞ்சாக்கி மங்கலான நெபுலா மேகங்களை எல்லாம் அழித்துவிடும், கோளை ஒன்றும் செய்யாது. நான் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கைப் போட்டு வைத்துத்தான் வியாழனைப் பார்க்கிறேன். கண் முழுக்க இருட்டுக்குப் பழகிவிட்டால் வியாழன் கண்ணைக் கூசும், பட்டையின் நிறம் வெளிறிவிடும்.

படத்தைக் கெடுப்பது சூடு. அந்த மூன்று யூனிட்டும் ஊதுகிற வெப்பக் காற்று வழியாகத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். கான்கிரீட்டும் பகலில் குடித்த வெயிலை நடுராத்திரி வரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறைக்கும் மாடிக்கும் கண்ணாடியின் சூட்டில் வித்தியாசம் இருக்கும்வரை குழாய்க்குள்ளேயே காற்று கொதிக்கும். தொலைநோக்கியை ஏசி அறையில் வைக்காதீர்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் கூரை இருந்தால் அங்கே மூடி வையுங்கள். பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். சித்திரை, வைகாசியில் இது இன்னும் முக்கியம். அப்போது ஏசி அறையிலிருந்து ஐபீஸை எடுத்து வந்தால் மோர் டம்ளர் மாதிரி வேர்த்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, ஒன்பது மணிக்கு ஏன் பார்க்கிறீர்கள்? இப்போது பதினொன்றரை வாக்கில் வியாழன் உச்சிக்கு வந்துவிடுகிறது. சென்னை 13 டிகிரி வடக்கு, வியாழன் 22 டிகிரி வடக்கில் இருக்கிறது. நம் தலைக்கு மேலிருந்து 9 டிகிரிதான் விலகுகிறது. லண்டன்காரருக்குக் கிடைக்காத வசதி. உச்சியில் பார்க்கும்போது காற்றின் கனம் மிகக் குறைவு.

எண்ணூர் டீச்சர்
ஜனவரி 20

பட்டறை ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தம்பி கேட்டது ஐபீஸ் பற்றி, அதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

என்னிடமும் இதே 8 அங்குலம்தான், ஏழு வருஷமாக. என் முடிவு: 6 மிமீ, கொஞ்சம் அகலமான பார்வைப் புலத்தோடு. ரெட்லைன், கோல்டுலைன் என்று சொல்கிற எஸ்விபோனி 6 மிமீ இருக்கிறதே, அந்த வகை. ஆறாயிரத்துக்குள் அடங்கும். அதே வரிசையில் 9 மிமீ-யும் நன்றாக இருக்கும். 15, 20 மிமீ வேண்டாம், எஃப் 6 கண்ணாடியில் (குவியத்தூரம் விட்டத்தைப் போல ஆறு மடங்கு) ஓரத்து நட்சத்திரங்கள் எல்லாம் பறவை மாதிரி சிறகு விரிக்கும்.

ஏன் அகலம் வேண்டும் என்றால், டாப்சோனியனுக்கு மோட்டார் கிடையாது. 200 மடங்கில் 40 டிகிரி புலம் உள்ள ஐபீஸ் போட்டால் வியாழன் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஐம்பது விநாடிக்குக் கொஞ்சம் மேல். 66 டிகிரி என்றால் ஒரு நிமிஷம் இருபத்தைந்து விநாடி. தள்ளிவிட்ட பிறகு குழாயின் ஆட்டம் அடங்கவே மூன்று நான்கு விநாடி போகும். மிச்ச நேரத்தில்தான் கண் உட்கார்ந்து பார்க்கும். கோளைப் பார்ப்பது என்பது காத்திருப்பது. காற்று அரை விநாடி நின்றால் அந்த அரை விநாடியில் எல்லாம் தெரியும், உடனே மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் என் கை குழாயைத் தள்ளிக்கொண்டு இருந்தால் எனக்கு அது போயிற்று.

6 மிமீ பிளாசல் வாங்கிவிடாதீர்கள். பிளாசல் நல்ல வடிவம்தான், ஆனால் கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பது அதில் குவியத்தூரத்தில் முக்கால் பங்கு. 6 மிமீ-க்கு நாலரை மிமீ. உங்கள் 4 மிமீ-இல் பட்ட அதே அவஸ்தை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அதை வைத்துக் காட்டியிருக்கிறேன். பத்துப் பேர் பார்த்து முடித்ததும் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி மேல் கண்மை ஒரு வளையமாக ஒட்டியிருக்கிறது, இமைமுடியின் கோடு கோடாக. பதினோராவது பிள்ளைக்கு வியாழன் தெரியவில்லை. அது வாய் திறந்து சொல்லவும் இல்லை, தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு கண் தள்ளி வைக்கிற ஐபீஸ் இல்லாமல் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை.

காசிமேடு விடிவெள்ளி
ஜனவரி 20

டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கோளுக்கு ஆர்த்தோ வகை ஐபீஸ் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

1880-இல் எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்தது. மூன்று கண்ணாடி ஒட்டிய ஒரு தொகுதி, கண் பக்கம் ஒரு கண்ணாடி, மொத்தம் நான்கே நான்கு. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் மாறுகிற இடம் மொத்தமே நான்கு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஒளி சிதறும். அந்தச் சிதறல்தான் வியாழனைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு மூட்டமாக நிற்பது. அது குறைந்தால் பட்டைக்குள் இருக்கும் மெல்லிய நிற வித்தியாசம் வெளியே வருகிறது. 40, 45 டிகிரிதான் புலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் நிற்கும் ஒரு கோளைப் பார்க்க ஓரத்து 20 டிகிரி எதற்கு?

தள்ளுவது பழக்கம்தான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடலில் ஆடுகிற படகில் நின்று கரை விளக்கைக் குறி பார்த்தவர்கள். எனக்குக் குழாய் தள்ளுவது பெரிய வேலையாகத் தெரிவதில்லை.

எண்ணூர் டீச்சர்
ஜனவரி 20

உங்களுக்குப் பழக்கம், தம்பிக்கு இரண்டு மாசம்தான் ஆகிறது. அதோடு மேற்பூச்சு இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆறு ஏழு கண்ணாடி இருந்தாலும் நல்ல பூச்சு இருந்தால் அந்தப் பால்மூட்டம் முன்பு மாதிரி வருவதில்லை. ஆர்த்தோ கொஞ்சம் மேலே இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கொஞ்சத்தை வாங்கக் கண்ணை ஐந்து மிமீ தூரத்தில் வைக்க வேண்டியிருக்கிறதே.

வியாசர்பாடி மூக்குக்கண்ணாடி
ஜனவரி 21

கண்ணாடி போடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குச் சிலிண்டர் பவர் இருக்கிறது. பல வருஷம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும் என்று நினைத்து 20 மிமீ ஐ ரிலீஃப் (கண்ணைத் தள்ளி வைக்கக்கூடிய தூரம்) உள்ள விக்ஸன் எஸ்எல்வி 6 மிமீ வாங்கினேன். நல்ல ஐபீஸ், வருத்தமே இல்லை. ஆனால் பிறகுதான் புரிந்தது. ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம், எக்ஸிட் ப்யூபில் என்பார்களே, அது ஐபீஸின் மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்தால் வரும். 6 மிமீ-யை 6-ஆல் வகுத்தால் 1 மிமீ. அவ்வளவு மெல்லிய கற்றை கருவிழியின் நடுவில் ஒரு சின்ன இடம் வழியாகத்தான் உள்ளே போகிறது. சிலிண்டர் கோளாறு அந்தச் சின்ன இடத்தில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகினால் போதும், கிட்டப்பார்வையை ஃபோகஸரே சரிசெய்துவிடும். 25 மிமீ போடும்போதுதான் எனக்குக் கண்ணாடி வேண்டும்.

1 மிமீ-க்குக் கீழே ரொம்பப் போனாலும் சிக்கல். 0.5 பக்கம் வந்தால் கண்ணுக்குள் மிதக்கிற தூசி நூல் எல்லாம் வியாழன் மேல் நீந்தும். தம்பியின் 4 மிமீ 0.67-இல் இருக்கிறது. எனக்கு ஐம்பது வயது, அந்த அளவிலேயே நூல்கள் தெரிய ஆரம்பித்துவிடுகின்றன.

தண்டையார்பேட்டை மாடி
ஜனவரி 25

மன்னிக்கவும், ஒரு வாரம் ஆகிவிட்டது. சொல்ல நிறைய இருக்கிறது.

கோலிமேஷன் பார்க்க லேசர் வாங்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் பட்டறை ஐயா தனிச்செய்தியில் பழைய ஃபிலிம் டப்பா கிடைக்குமா பார் என்று சொன்னார். எங்கள் தெருமுனையில் பழைய ஃபோட்டோ ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. கேட்டதும் அந்த அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பை நிறைய எடுத்துப் போட்டார். கறுப்பு டப்பா, அடியில் நடுவாக ஊசியைச் சுட்டு ஒரு ஓட்டை, மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு டப்பாவை ஐபீஸ் போடும் ஃபோகஸரில் செருகினால் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் சின்ன வளையம் எங்கேயோ கிடக்கிறது, என் டப்பாவின் ஓட்டை எங்கேயோ தெரிகிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று நிற்க வேண்டுமாம்.

தங்கையை அடியில் உட்கார வைத்தேன். நான் மேலே கண்ணை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் பெரிய கண்ணாடியின் மூன்று திருகையும் மாற்றி மாற்றித் திருப்பினாள். இடது, இல்லை வலது, கால் திருகு, போதும் போதும். அரை மணி நேரம். வளையம் மெதுவாக நகர்ந்து நகர்ந்து வந்து ஓட்டைக்கு நடுவில் நின்றது.

ராத்திரி பதினொன்றுக்கு மேற்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட்டேன். அதே பழைய 10 மிமீ. ஐயா, அதே 10 மிமீ! இரண்டு பட்டைக்கு நடுவில் நீலச்சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கொக்கிகள் தொங்குகின்றன. துருவத்துப் பக்கம் இன்னொரு மெல்லிய கோடு. ஒரு நிலா வியாழனின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது, தனி வட்டமாக. அம்மா மேலே வந்து என்ன பார்க்கிறாய் என்றார். குருவை என்றேன். மிதுனத்தில் குரு என்று பஞ்சாங்கத்தில் சொல்கிறார்களே அதுவா என்று கேட்டார். அதேதான் அம்மா, புனர்பூசத்துக்குப் பக்கத்தில் என்று காட்டினேன். கும்பிட்டுவிட்டுத்தான் கண்ணை வைத்தார்.

ஒரே தொல்லை, எண்ணூர் ஹைரோட்டில் கண்டெய்னர் லாரி போகும் ஒவ்வொரு தடவையும் வியாழன் ஒரு நொடி இரண்டாகத் தெரிந்து ஒன்று சேர்கிறது.

பெரம்பூர் பட்டறை
ஜனவரி 25

படிக்கப் படிக்க மனசு நிறைந்தது தம்பி. தங்கைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், திருகைக் கால் சுற்றோடு நிறுத்துகிற கை எல்லாருக்கும் அமையாது. நாற்பது வருஷம் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன்.

லாரி அதிர்வுக்குத் தடித்த ரப்பர் துண்டு மூன்றை அடிப்பலகையின் கால்களுக்குக் கீழே வையுங்கள். மாடியின் நடுவில் வைக்காமல் தூணுக்கு மேலே, சுவர் ஓரமாக வைத்துப் பாருங்கள். தளத்தின் நடுப்பகுதிதான் மத்தளம் மாதிரி அதிரும்.

புனர்பூசம் என்று சொன்னீர்களே, அதில் ஒரு பரிசோதனை இருக்கிறது. அங்கே இருக்கும் இரண்டு பெரிய நட்சத்திரங்களில் காஸ்டர் என்பது உண்மையில் இரட்டை. இரண்டுக்கும் நடுவே ஐந்தரை வில்விநாடி அளவு இடைவெளி. வியாழனுக்குப் போவதற்கு முன் அதைப் பாருங்கள். இரண்டு உருண்டையும் தனித்தனியாக, மெல்லிய வளையத்தோடு அசையாமல் நின்றால் அன்றைக்கு 200, 240 போகலாம். கொதிக்கிற எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி துள்ளினால் 120-லேயே இருங்கள், எந்த ஐபீஸ் வாங்கினாலும் அன்று உதவாது.

சனியை வைத்து ஐபீஸைச் சோதிக்காதீர்கள். போன வருஷம் மார்ச்சில் வளையம் நமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியது. இப்போதும் ஊசி மாதிரிதான் இருக்கிறது, வளையத்துக்கு நடுவே இருக்கும் காசினி இடைவெளி தெரியவில்லையே என்று ஐபீஸைக் குறை சொல்லிவிடுவீர்கள்.

காசிமேடு விடிவெள்ளி
ஜனவரி 26

இவ்வளவு நாள் நம் ஊர் வானத்தைக் குறை சொல்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கடல் காற்று, ஈரம், மணலி புகை என்று. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் வருகிற அசையாத ராத்திரிகள் பொக்கிஷம். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து 1861-இல் வானியலாளர் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார். அங்கேயே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். இதே காற்றுக்கு அடியில் இருந்துதான்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை எங்கள் மாடிக்கு எல்லாரும் வாருங்களேன். ஆளுக்கொரு 6 மிமீ இருக்கிறது. தம்பியின் தொலைநோக்கியிலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆட்டோவில் குழாயைக் குறுக்கே வைத்தால் வந்துவிடும், நான் அப்படித்தான் கொண்டு போவேன்.

கொருக்குப்பேட்டை கேட்
ஜனவரி 27

நடுவில் வருகிறேன். பார்லோ பற்றி யாரும் பேசவில்லை. 10 மிமீ-யோடு 2 மடங்கு பார்லோ போட்டால் 240 மடங்கு, 25 மிமீ-யோடு 96. ஒரு செலவில் இரண்டு ஐபீஸ் கிடைத்த மாதிரி. கண் தூரமும் குறையாது, 10 மிமீ-க்கு இருந்த வசதி அப்படியே இருக்கும்.

எண்ணூர் டீச்சர்
ஜனவரி 27

யோசனை நல்லதுதான். ஆனால் சாதாரண 10 மிமீ-யைப் பார்லோவில் போட்டால் அந்த 10 மிமீ-யின் குறையும் சேர்ந்து பெரிதாகும். நல்ல 12 மிமீ ஒன்று கையில் இருப்பவருக்குப் பார்லோ அருமை. ஜூம் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். 7-21 ஜூமில் 57-லிருந்து 171 மடங்கு வரை கிடைக்கும். அன்றைய காற்று எவ்வளவு தாங்கும் என்று திருகிப் பார்த்துக் கண்டுபிடிக்க அதைப் போல வசதி இல்லை. 21 மிமீ முனையில் புலம் சுருங்கிக் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும், வியாழனுக்கு அது தேவைப்படாது.

தண்டையார்பேட்டை மாடி
பிப்ரவரி 8

நேற்று காசிமேட்டில் ஐந்து பேர். தங்கையும் வந்தாள். விடிவெள்ளி அண்ணன் வீட்டு மாடியில் பழைய தட்டோடு போட்டிருக்கிறார்கள், சாயந்திரமே தண்ணீர் தெளித்து ஏழு மணிக்குள் காய்ந்துவிட்டிருந்தது. கான்கிரீட்டை விடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது என்று அங்கேதான் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் காஸ்டர் இரண்டு முத்தாக நின்றது. பட்டறை ஐயா அதைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார், அதுவே உத்தரவு மாதிரி இருந்தது.

மூன்று 6 மிமீ. டீச்சருடைய ரெட்லைன், அண்ணனுடைய ஆர்த்தோ, மூக்குக்கண்ணாடி சாருடைய எஸ்எல்வி. எது என்று சொல்லாமல் தங்கை மாற்றிப் போட்டாள்.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஆர்த்தோவில் வியாழனைச் சுற்றி வானம் உண்மையிலேயே கறுப்பாக இருந்தது. பட்டைக்கு உள்ளே ஒரு செங்கல் நிறக் கீற்று அதில்தான் முதலில் எனக்குப் பட்டது. எஸ்எல்வி-யில் கண்ணை எங்கே வைப்பது என்ற கவலையே இல்லை, நாற்காலியில் சாய்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. ரெட்லைனில் கறுப்பு அவ்வளவு ஆழமில்லை, ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அதுவும் தெரிந்தது. ஆனால் சிவப்புப் புள்ளியை நான் முதலில் பார்த்தது அதில்தான். வியாழன் நிதானமாகப் புலத்தைக் கடந்துகொண்டு இருந்தது, நான் கையை எடுத்துவிட்டேன், காற்று நின்றது. நம் தொலைநோக்கியில் தலைகீழாகத் தெரிவதால் மேல் பட்டையின் விளிம்பில் ஒரு குழி, குழிக்குள் வெளிறிய சால்மன் நிறத்தில் ஒரு முட்டை வடிவம். இரண்டு விநாடி இருக்கும். பிறகு மூடியது, மறுபடி திறந்தது. படங்களில் பார்க்கும் சிவப்பு இல்லை, பழைய சுண்ணாம்புச் சுவரில் காவி கரைந்த மாதிரி.

என் 4 மிமீ-யையும் போட்டோம். அந்த ராத்திரியில்கூட அதில் ஓரத்து நிறம் போகவில்லை. சரி, அதன் கதை முடிந்தது.

காசிமேடு விடிவெள்ளி
பிப்ரவரி 8

என் ஆர்த்தோவின் கறுப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு அது போதும். ஆனால் உங்கள் தங்கை மாற்றி மாற்றிப் போடும்போது நான் இரண்டு தடவை ரெட்லைனை ஆர்த்தோ என்று சொன்னேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

பெரம்பூர் பட்டறை
பிப்ரவரி 9

இப்போது பணத்தை எடுங்கள் தம்பி. உங்களுக்கு எதில் அதிக நேரம் தெரிந்ததோ அதை வாங்குங்கள். 5 மிமீ-க்கு இப்போது அவசரமில்லை. 2027 பிப்ரவரியில் செவ்வாய் எதிரே வரும்போது 14 வில்விநாடிதான் இருக்கும், அந்தச் சின்ன வட்டத்துக்கு 240 மடங்கு தேவைப்படும். அதற்குள் சேர்த்து வைக்கலாம்.

வாங்கிய பிறகு பூஞ்சை. நம் பக்கத்து ஈரத்துக்கும் உப்புக்கும் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும், உள்ளே வந்தால் எடுக்க முடியாது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நீலம் இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். ராத்திரி பார்த்து முடித்ததும் பனி ஈரத்தோடு மூடக்கூடாது, ஃபேன் கீழே அரை மணி நேரம் திறந்து வைத்த பிறகு மூடுங்கள். சட்டை நுனியால் துடைக்கவே கூடாது. முதலில் ரப்பர் பந்தால் தூசியை ஊதுங்கள், பிறகு தேவைப்பட்டால் மட்டும் லென்ஸ் துணி.

தண்டையார்பேட்டை மாடி
பிப்ரவரி 16

6 மிமீ ரெட்லைன் நேற்று வந்தது. மிச்சப் பணத்தில் ரப்பர் துண்டும் இறுக்கமான டிபன் டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்கினேன். லாரி போனால் இப்போது லேசாகத்தான் சிலிர்க்கிறது.

ஒரு கேள்வி மட்டும். நேற்று ஒன்பது மணிக்குச் சிவப்புப் புள்ளி நடுவில் நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காட்டுவதற்குள் மேகம் வந்துவிட்டது. இன்றைக்கு வரும் என்று சொல்லிவிட்டேன், அதே நேரத்தில் போட்டால் காணோம்.

எண்ணூர் டீச்சர்
பிப்ரவரி 16

வியாழன் 9 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் புள்ளி பின்பக்கம் போயிருக்கும். ஐந்து சுற்று முடிய ஏறக்குறைய 49 மணி 40 நிமிஷம் ஆகும். அதனால் நேற்று ஒன்பதுக்கு நடுவில் இருந்தது நாளை ராத்திரி பத்து நாற்பது வாக்கில் மறுபடி நடுவில் நிற்கும். பாட்டியைப் பத்து மணிக்கே மேலே அழைத்து வந்து உட்கார வையுங்கள், உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால் ஐபீஸ் உயரமாக வரும், பிடித்துக்கொள்ள உயரமான நாற்காலி ஒன்று வேண்டும்.